டி-ஷர்ட்டுக்கு வினைல் ஒட்டுவதா, ஸ்கிரீன் அடிப்பதா? டெல்டா மக்கள் கேட்கும் கேள்விகளும் எங்கள் பதில்களும்

கபடி அணி, கல்லூரிப் பிள்ளைகள், வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கூட்டம், தேர்த் திருவிழாவுக்கு ஒரே நிறத்தில் சட்டை போட நினைக்கும் இளைஞர் மன்றம் என்று யார் வந்தாலும் கடைக்குள் நுழைந்ததும் கேட்பது, "ஒரு சட்டைக்கு எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். அதற்கு உடனே ஒரு தொகையைச் சொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை. எத்தனை சட்டை, எல்லாவற்றிலும் ஒரே எழுத்தா, துணி பருத்தியா பாலியெஸ்டரா, வீட்டில் எப்படித் துவைப்பீர்கள் என்ற நான்கும் தெரிந்த பிறகு சொல்லும் விலைதான் நியாயமான விலை.

கும்பகோணத்தில் கல்யாணத் தாம்பூலப் பைக்கு ஸ்கிரீன் அடிப்பதில் தொடங்கியது எங்கள் கடை. படலத்தை வெட்டும் கட்டிங் பிளாட்டரும், சூட்டில் அழுத்தும் ஹீட் பிரஸ்ஸும் பின்னால் வந்தன. இரண்டு வேலையும் இங்கேயே நடப்பதால், இதுதான் நல்லது என்று ஒன்றின் பக்கம் உங்களைத் தள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. கடையில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறோம்.

இரண்டும் சட்டையில் எழுத்துதானே? என்ன வித்தியாசம்?

வினைல் என்பது ஒட்டும் படலம். பைக் டேங்க்கில் ஒட்டுகிற ஸ்டிக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதன் அடியில் இருக்கும் பசை கை பட்டால் ஒட்டாது, சூடு பட்டால்தான் உருகும். சட்டைக்கு வருவது பெரும்பாலும் நிறம் ஏற்றிய பாலியூரிதேன் படலம். எழுத்தைக் கம்ப்யூட்டரில் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாற்றி, பிளாட்டரில் வெட்டுவோம். வேண்டாத பகுதியைக் கொக்கி ஊசியால் உரித்து எடுப்போம். மீதி இருப்பதைச் சட்டை மேல் வைத்து, சுமார் 150 முதல் 160 டிகிரி சூட்டில் 10, 15 விநாடி அழுத்துவோம். மேலே இருக்கும் கண்ணாடித் தாளை உரித்துவிட்டால் எழுத்து மட்டும் துணியில் நிற்கும்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். மணமக்கள் பெயர் போட்ட மஞ்சப்பை வீட்டில் ஒன்றாவது தொங்கும், அது இந்த வேலைதான். மரச் சட்டத்திலோ அலுமினியச் சட்டத்திலோ இறுக்கிக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் எமல்ஷன் என்னும் கூழைப் பூசி இருட்டில் காய வைக்கிறோம். அதன்மேல் பாசிட்டிவை, அதாவது எழுத்தைக் கறுப்பில் எடுத்த ஒளி புகும் தாளை வைத்து வெளிச்சம் காட்டுகிறோம். வெளிச்சம் பட்ட இடத்தில் எமல்ஷன் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் இறுகாமல், தண்ணீர் அடித்தால் கரைந்து வழிவிடும். அந்த வழியாக ஸ்குவீஜி என்னும் ரப்பர் பட்டையால் மையை இழுத்தால் எழுத்து துணியில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன்.

அதாவது வினைலில் ஒவ்வொரு சட்டைக்கும் வெட்டு, உரி, அழுத்து என்று வேலை முதலிலிருந்து தொடங்கும். ஸ்கிரீனில் முதல் சட்டையைத் தொடுவதற்கு முன்பே பாதி நாள் வேலை முடிந்திருக்கும், அதற்கப்புறம் ஒரு சட்டைக்கு ஒரு இழுப்புதான். விலை வித்தியாசம் வருவது இங்கிருந்துதான்.

எத்தனை சட்டைக்கு மேல் போனால் ஸ்கிரீன் கட்டுப்படியாகும்?

கணக்கு புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். இவை எங்கள் விலைப்பட்டியல் இல்லை, உங்கள் ஊர்க் கடையில் சொல்லும் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சட்டையின் விலை இரண்டுக்கும் பொது, அதை விட்டுவிடலாம்.

ஒரு நிறத்துக்கு பாசிட்டிவும் ஸ்கிரீனும் சேர்த்து 600 ரூபாய், அடிப்பதற்குச் சட்டைக்கு 15 ரூபாய் என்று வைப்போம். அதே எழுத்தை வினைலில் ஒட்டச் சட்டைக்கு 70 ரூபாய். 10 சட்டை என்றால் ஸ்கிரீனுக்கு 750, வினைலுக்கு 700. 12 சட்டை என்றால் 780, 840. 50 சட்டைக்கு ஸ்கிரீன் 1,350 ரூபாயில் முடிந்துவிடும், வினைலுக்கு 3,500 ஆகும். ஆக இந்த விலைகளில் 11 சட்டைக்குப் பக்கத்தில் தராசு சாய்கிறது.

மூன்று நிறம் என்றால் கதை மாறும். ஸ்கிரீனுக்கு முன்செலவே 1,800, அப்புறம் சட்டைக்கு 45. வினைலில் மூன்று படலம் ஒட்ட 150 என்று வைத்தால், 17 சட்டை வரை வினைல்தான் குறைவு, 18 முதல் ஸ்கிரீன் முந்தும். நிறம் கூடக் கூடச் சிறிய ஆர்டருக்கு ஸ்கிரீன் கட்டுப்படியாகாது.

கணக்குப் போடத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஸ்கிரீனின் முன்செலவை, வினைலுக்கும் ஸ்கிரீனுக்கும் ஒரு சட்டையில் இருக்கும் விலை வித்தியாசத்தால் வகுங்கள். வரும் எண்ணுக்கு மேல் போனால் ஸ்கிரீன். கடைக்காரரிடம் மொத்த விலையை மட்டும் கேட்காமல், முன்செலவு எவ்வளவு, சட்டைக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

எங்கள் கபடி அணிக்கு 12 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், நம்பர். மார்பில் ஊர்ப் பெயரும் மன்றத்தின் பெயரும் வேண்டும். எது நல்லது?

இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். பொங்கல் நேரத்தில் இதுதான் எங்கள் கடையின் முழுநேர வேலை.

களத்தில் 7 பேர், வெளியே மாற்று ஆட்கள் என்று 12 சட்டை. பெயரும் நம்பரும் ஆளுக்கு ஆள் மாறும். ஸ்கிரீனில் ஒவ்வொரு பெயருக்கும் தனி ஸ்கிரீன் எடுக்க வேண்டும், அதை யாரும் செய்ய மாட்டார்கள். அதனால் பின்பக்கம் வினைல். மார்பில் வரும் ஊர்ப் பெயர் எல்லோருக்கும் ஒன்றுதான். அடுத்த வருடமும் அதே பெயரில்தான் விளையாடப் போகிறீர்கள், ஜூனியர் அணிக்கும் அதே பெயர்தான். அதற்கு ஒருமுறை ஸ்கிரீன் எடுத்துவிட்டால் பல வருடம் ஓடும். 12 சட்டைக்கு மட்டும் பார்த்தால் பெரிய லாபம் தெரியாது. ஜூனியர் அணியையும், கூட வரும் ஆதரவாளர்களையும் சேர்த்து 40 சட்டையாக்கிக் கொண்டு வந்தால் நன்றாகத் தெரியும்.

வரிசை முக்கியம். முதலில் ஸ்கிரீன் அடித்து, மை முழுதாக இறுகிய பிறகுதான் வினைல். மாற்றிச் செய்தால் மையை இறுக்கும் சூடு, ஒட்டிய வினைலை இளக்கிவிடும்.

கபடியில் இன்னொன்றும் உண்டு. சட்டையைப் பிடித்து இழுக்காத கபடி கிடையாது. நம்பரைத் துணியோடு நீளும் வினைலில் வெட்டச் சொல்லுங்கள். மலிவான தடித்த படலம் முதல் ஆட்டத்திலேயே வெடிக்கும்.

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது. கல்லில் அடித்துத் துவைப்போம். எது தாங்கும்?

இதைக் கேட்பவர்கள் குறைவு. கேட்காதவர்களிடம் நாங்களே கேட்டுவிடுகிறோம், ஏனென்றால் இங்கே சட்டையின் ஆயுளை முடிவு செய்வது இதுதான்.

வினைலோடு வரும் குறிப்பில் "சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில், மென்மையான சலவை" என்று போட்டிருக்கும். அது வாஷிங் மெஷினை நினைத்து எழுதியது. நம் ஊரில் சட்டைக்குச் சவர்க்காரக் கட்டி போட்டு, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேய்த்து, முறுக்கி, கல்லில் நாலு அடி. வினைல் துணிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் படலம் என்பதால், பிரஷ் அதன் ஓரத்தைத்தான் முதலில் பிடிக்கும். ஓரம் ஒரு இடத்தில் தூக்கிவிட்டால் அடுத்த சலவையில் அழுக்கும் நுரையும் அதற்குள் போகும், எழுத்து ஒன்றொன்றாக உரியும். பெரிய கட்டமாக இருக்கும் எழுத்தைவிட மெல்லிய எழுத்து சீக்கிரம் போகும், அதற்கு ஓரம் அதிகம்.

தண்ணீரில் கரைத்த பிக்மென்ட் மையில் அடித்த ஸ்கிரீன் பிரிண்ட், பருத்தி நூலுக்குள்ளேயே இறங்கிவிடும். தூக்குவதற்கு ஓரம் என்று ஒன்று இல்லை. மை சரியாக இறுகியிருந்தால் வருடக்கணக்கில் மெல்ல மங்குமே தவிர உரியாது. வயல் வேலைக்குப் போகிற வீட்டில், பழைய மன்றச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்று பறிக்க இறங்குவார்கள். சேற்றில் புரண்டு, வெயிலில் காய்ந்து, கல்லில் அடிபட்ட சட்டையில் இன்னும் எழுத்து வாசிக்க முடிகிறதென்றால் அது அநேகமாக இந்த வகைதான்.

வினைல்தான் வேண்டும் என்றால், ஒட்டி ஒரு நாள் கழித்து முதல் சலவை. உள்பக்கம் திருப்பி, கையால் கசக்கி அலசுங்கள். எழுத்துள்ள இடத்தில் பிரஷ் வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். நிழலில் காய வையுங்கள். வண்டியில் இஸ்திரி போடும் அண்ணனிடம் கொடுக்கும்போது எழுத்து உள்பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுங்கள், கரிப்பெட்டி நேராகப் பட்டால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிளாஸ்டிசால் என்னும் பிளாஸ்டிக் வகை மையில் அடித்த ஸ்கிரீன் பிரிண்ட்டுக்கும் இஸ்திரி விஷயத்தில் இதே எச்சரிக்கைதான், அதுவும் சூட்டில் இளகும் வகை.

வெள்ளை நம்பர் ஒட்டிய சிவப்பு ஜெர்சி, வாங்கி இரண்டு நாளில் நம்பர் ரோஸ் நிறமாகிவிட்டது. வினைல் மட்டமா?

வினைல் நல்லதாகவே இருந்திருக்கலாம். குற்றம் சூட்டில் இருக்கிறது.

ஜெர்சித் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். பாலியெஸ்டருக்குப் போடும் சாயம், அதிக சூட்டில் ஆவியாகி நூலை விட்டுக் கிளம்பும் தன்மை உள்ளது. 160 டிகிரியில் அழுத்தும்போது சிவப்புச் சாயம் கிளம்பி மேலே இருக்கும் வெள்ளைப் படலத்துக்குள் ஏறிவிடுகிறது. அது உடனே தெரியாது என்பதுதான் கொடுமை. கடையில் வாங்கும்போது பளிச்சென்று இருக்கும், ஓரிரு நாளில் ரோஸ் ஏறும். சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றிலும் இந்தத் தொல்லை அதிகம்.

ஹீட் பிரஸ் வாங்கிய புதிதில் பக்கத்து ஊர்ப் பையன்களுக்கு மெரூன் ஜெர்சி செய்து கொடுத்தோம். வெள்ளிக்கிழமை வாங்கிப் போனார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எல்லா நம்பரும் ரோஸ். திங்கட்கிழமை அந்தக் கேப்டன் வந்து சண்டை போடாமல், "அண்ணே, இது ஏன் இப்படி ஆச்சு?" என்று மட்டும் கேட்டான். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. புது ஜெர்சி வாங்கி, எங்கள் செலவில் திரும்பச் செய்து கொடுத்தோம். காரணத்தைத் தேடிப் படித்தது அதற்கப்புறம்தான்.

இதற்கு வழி இருக்கிறது. 120, 130 டிகிரியிலேயே ஒட்டும் குறைந்த சூட்டு வினைல் வருகிறது. சாயம் ஏறாமல் தடுக்க அடியில் ஒரு தடுப்புப் படலம் வைத்த வகையும் வருகிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் அடர்நிற ஜெர்சியில் வெள்ளை எழுத்துக்கு அதைத் தவிர வேறெதையும் நாங்கள் இப்போது தொடுவதில்லை. ஸ்கிரீனிலும் இதே சிக்கல் வரும். பாலியெஸ்டருக்கென்று சாயம் ஏறாத மை தனியாக உண்டு, அதைப் போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுத்து வேண்டும். இதில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

நிறையப் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்துக்குப் பழகாத இடத்தில் வெட்டி வாங்கிய சட்டைகளைப் பார்க்கும்போது எங்களுக்கு வருத்தமாக இருக்கும்.

முதலில் புள்ளி. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் பெயர் போட்டால் புள்ளி என்ற பேச்சே இல்லை. "மன்னார்குடி" என்று எழுதினால் இரண்டு புள்ளி, "வேதாரண்யம்" என்றாலும் இரண்டு. வினைலை உரிக்கும்போது இந்தப் புள்ளிகள் கழிவோடு சேர்ந்து வந்துவிடும், கவனிக்காவிட்டால் "மன்னார்குடி" "மனனாரகுடி" ஆகிவிடும். புள்ளியின் விட்டம் 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வோம். சட்டைப்பை அளவில் வரும் சின்ன எழுத்தில் அது முடியாது, அங்கே ஸ்கிரீன்தான் சரி. ண, ஞ, ஜ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கொக்கியால் எடுக்க வேண்டும். நாலு வரித் தமிழை 30 சட்டைக்கு வினைலில் வெட்டி உரித்தால் ஒரு ஆளுக்கு ஒரு நாள் போய்விடும். ஸ்கிரீனுக்குப் புள்ளி, சுழி எல்லாம் ஒரே வேலை.

அடுத்தது, எழுத்தும் குறியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது. பல தமிழ் ஃபான்ட்களில் உயிர்மெய்க் குறிகள் தனி வடிவமாக இருக்கும், திரையில் ஒட்டியிருப்பதுபோல் தெரியும். பிளாட்டர் கோட்டை மட்டுமே பார்க்கும். ஏறியிருக்கும் இடத்தில் குறுக்கே வெட்டிவிடும், சட்டையில் ஒட்டினால் எழுத்துக்கு நடுவில் கீறல். வெட்டுவதற்கு முன் மென்பொருளில் எல்லா வடிவத்தையும் ஒன்றாக வெல்டு செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஃபான்ட் மாறிப்போவது. நீங்கள் யூனிகோடில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புவீர்கள். பழைய டிசைன் மென்பொருளில் அதை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" உடைந்து மூன்று துண்டாகும். அதனால் பல கடைகளில் பழைய வகை ஃபான்ட்டில் மறுபடி தட்டுவார்கள். மறுபடி தட்டினால் பிழை வரும். ஆகவே அடிப்பதற்கு முன் படத்தை வாங்கி, வீட்டில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள். இறந்துபோன தாத்தாவின் நினைவுக்கு எடுக்கும் சட்டையில் அவர் பெயரே பிழையாக இருந்தால் அந்த வலி ஆறாது.

மழைக்காலத்தில் ஆர்டர் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கூடுதலாக நாள் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே காற்றே ஈரமாக இருக்கும். ஸ்கிரீனில் பூசிய எமல்ஷன் எலும்பு மாதிரிக் காய்ந்தால்தான் வெளிச்சம் காட்ட வேண்டும். ஈரம் பாதி இருக்கும்போது அவசரப்பட்டால், அடிக்கும்போது நடுவில் ஓட்டை விழும். வெயில் காலத்தில் சில மணி நேரத்தில் முடிவது அடைமழையில் ஒரு இரவு முழுதும் எடுக்கும்.

பருத்திச் சட்டையும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், தொட்டால் தெரியாது. அதன்மேல் வினைலை வைத்து அழுத்தினால் ஈரம் ஆவியாகிப் பசையைத் தள்ளும், ஒட்டு பலமாக இருக்காது. அதனால் வெறும் சட்டையை முதலில் 5 விநாடி அழுத்தி ஆவியை வெளியேற்றிவிட்டுத்தான் வினைலை வைக்க வேண்டும். நாகை, காரைக்கால் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் வருடம் முழுக்கவே இதைச் செய்வது நல்லது.

கத்திரி வெயிலில் போடுகிற சட்டை. உறுத்தாமல் இருக்க வேண்டும்.

மார்பில் பெரிய கட்டமாக வினைல் ஒட்டாதீர்கள். அது காற்றும் வியர்வையும் போகாத படலம். திருவாரூரில் ஆழித்தேர் வடம் பிடிக்கப் போகிறவர்கள் வெயிலில் நாள் முழுக்க நிற்பார்கள், நெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் பலகையைக் கட்டிக்கொண்டது போல இருக்கும். வெளிர் நிறப் பருத்திச் சட்டையில் பிக்மென்ட் மை அடித்தால் எழுத்து இருப்பதே உடம்புக்குத் தெரியாது. குழந்தைகள் சட்டைக்கும் இதையே சொல்வோம்.

கறுப்புச் சட்டையில் ஸ்கிரீன் பளிச்சென்று வருமா?

வரும், ஆனால் ஒரே இழுப்பில் வராது. அடியில் ஒரு வெள்ளை அடித்து, சூடு காட்டி அரைகுறையாக இறுக்கி, அதன்மேல் மறுபடி அடிக்க வேண்டும். மேலே வேறு நிறம் வேண்டுமென்றால் அந்த அடிவெள்ளைக்கே ஒரு ஸ்கிரீன் தனி. விலை சொல்லும்போது "ஒரு நிறம்தானே, ஏன் இரண்டு ஸ்கிரீன்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். வினைலில் இந்தத் தொல்லை இல்லை, எந்தத் துணியிலும் அதன் நிறம் அப்படியே நிற்கும். கறுப்புச் சட்டை, குறைந்த எண்ணிக்கை என்றால் யோசிக்காமல் வினைல்.

போட்டோ போட முடியுமா?

வெட்டும் வினைலில் முடியாது. ஸ்கிரீனில் நிறங்களைப் பிரித்துப் புள்ளிப் புள்ளியாக அடிக்கலாம், 10, 20 சட்டைக்கு அது கட்டாது. படலத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டும் டி.டி.எஃப். முறைக்குப் போங்கள். வெள்ளைப் பாலியெஸ்டர் என்றால், சூட்டில் சாயத்தை நூலுக்குள் ஏற்றும் சப்ளிமேஷன் இன்னும் நல்லது.

சட்டையை நாங்களே திருப்பூரில் வாங்கிக்கொண்டு வரலாமா?

தாராளமாக. வாங்கும்போது துணியில் எத்தனை பங்கு பருத்தி, எத்தனை பங்கு பாலியெஸ்டர் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அது தெரியாமல் நாங்கள் சூடு வைக்க முடியாது. பருத்தி என்றால் 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) பக்கம் இருந்தால் எழுத்து நன்றாக உட்காரும், ரொம்ப மெல்லியதில் மை பின்பக்கம் இறங்கும்.

முன்பே சுருக்கம் எடுத்த துணியா என்பதையும் கேளுங்கள். மலிவு பனியன் துணி முதல் சலவையில் சுருங்கும், அதன்மேல் ஒட்டிய வினைல் சுருங்காது. எழுத்தைச் சுற்றி அப்பளம் பொரிந்த மாதிரி மேடு தட்டும். அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எங்களால் எதுவும் செய்ய முடியாது. எண்ணிக்கையைவிட இரண்டு சட்டை கூடுதலாக வாங்கி வாருங்கள், சோதனைக்கும் தவறுக்கும் வேண்டும்.

சரியாக அடித்திருக்கிறார்களா என்று வாங்கும்போதே எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்கிரீன் பிரிண்ட்டை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக இழுங்கள். பிளாஸ்டிசால் மை சரியாக இறுகியிருந்தால் துணியோடு நீண்டு திரும்பும், இறுகாதது வெடிக்கும். அந்த மை தானாகக் காயவே காயாது. மையின் முழுத் தடிமனும் சுமார் 160 டிகிரியைத் தொட்டால்தான் இறுகும், மேல்தோல் மட்டும் சூடானால் போதாது. பிக்மென்ட் மைக்கு ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் இன்னும் சூடு வேண்டும். சில இடங்களில் வெயிலில் உலர்த்திவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். தொட்டால் காய்ந்திருக்கும், மூன்று சலவையில் பாதி போய்விடும்.

வினைலில் ஓரங்களை நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். ஒரு மூலை தூக்கினாலும் அங்கேயே மறுபடி அழுத்தித் தரச் சொல்லுங்கள், ஒரு நிமிட வேலைதான். துணியின் நெசவு வினைல் மேல் லேசாகத் தெரிந்தால் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

மொத்தமாக ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு சட்டை மட்டும் அடித்து வாங்கி, உங்கள் வீட்டில் துவைக்கிற மாதிரியே நாலு தடவை துவைத்துப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதைத் தவறாக நினைக்க மாட்டார்.

ஸ்கிரீன் கழுவுகிற தண்ணீர் எங்கே போகிறது?

கல்லூரி மாணவி ஒருவர் கேட்ட கேள்வி இது. மையும் எமல்ஷனும் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் அது வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் வயலுக்குப் போகும். நம் ஊரில் எந்தத் தண்ணீரும் வயலைத் தொடாமல் போவதில்லை. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் இறங்கியதும், நொய்யல் காவிரியில் கலப்பதும், கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டுப் போராடியதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நமக்குத் தெரிந்த கதை. நம் சட்டைத் துணி வருவதும் அங்கிருந்துதான். சிறிய கடை விடும் தண்ணீர் கொஞ்சம்தான் என்றாலும் அதே ஆற்றின் கடைமடையில் இருந்துகொண்டு அதைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது.

மிச்ச மையை ஸ்கிரீனிலிருந்து வழித்து டப்பாவில் எடுத்துவிடுவோம், துடைத்த பிறகே கழுவுவோம். கழுவிய தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, வண்டல் அடியில் தங்கிய பிறகு வடிகட்டுவோம். எமல்ஷனில் கலக்கும் பைக்ரோமேட் உப்பை நாங்கள் நிறுத்திவிட்டோம். அதில் இருக்கும் குரோமியம் கைக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது. டயஸோ வகை எமல்ஷன் விலை அதிகம், அதையே பயன்படுத்துகிறோம். வினைலிலும் கழிவு உண்டு. உரித்துப் போடும் துண்டுகள் மக்காது, ஆனால் அவற்றைக் கூட்டி ஒரு மூட்டையில் கட்டிவிடலாம், ஓடும் தண்ணீரில் கலக்காது.

வீட்டிலேயே சின்னதாகத் தொழில் தொடங்க எது தோது?

வினைல். ஒரு மேசை, ஒரு பிளாட்டர், ஒரு ஹீட் பிரஸ் போதும், தண்ணீர் வேலை கிடையாது. 38-க்கு 38 சென்டிமீட்டர் பிரஸ் சுமார் 2,000 வாட் இழுக்கும். சாதாரண பிளக்கில் போடாதீர்கள், 16 ஆம்பியர் பாயிண்ட்டும் நல்ல எர்த்தும் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் அது ஓடாது. பம்புசெட் ஓடும் காலத்தில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் தட்டு சூடேறத் தாமதமாகும், திரையில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் ஒரு தெர்மாமீட்டரால் அவ்வப்போது தட்டின் நாலு மூலையையும் அளந்து பாருங்கள். மானியக் கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் போய் நேராக விசாரியுங்கள்.

ஸ்கிரீன் கையால் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. ஸ்குவீஜியை எந்தச் சாய்வில், எவ்வளவு அழுத்தி இழுப்பது என்பது யாராவது பக்கத்தில் நின்று காட்டினால்தான் வரும். ஏதாவது கடையில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்த வருடமும் இதே சட்டை வேண்டும். ஸ்கிரீனை வைத்திருப்பீர்களா?

சொல்லிவிட்டுப் போனால் வைத்திருப்போம். சொல்லாவிட்டால் ஒரு மாதத்தில் எமல்ஷனைக் கரைத்து வேறு வேலைக்கு எடுத்துவிடுவோம், சட்டங்கள் குறைவாகத்தான் இருக்கின்றன. பாசிட்டிவுக்கு நீங்கள் காசு கொடுத்திருக்கிறீர்கள், அது உங்களுடையது. கேட்டு வாங்கி, மடிக்காமல் வெயில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் அதை வைத்து மறுபடி ஸ்கிரீன் எடுக்கலாம். 2016 மகாமகத்துக்கு அடித்த சட்டையின் பாசிட்டிவை ஒருவர் பத்திரமாக வைத்திருக்கிறார். அடுத்த மகாமகம் 2028-இல், வருடத்தை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார்.

எத்தனை நாள் முன்னால் வர வேண்டும்?

ஒரே எழுத்து, 50 சட்டை, ஸ்கிரீன் என்றால் ஒரு வாரம். 10, 15 சட்டைக்கு வினைல் என்றால் துணி கையில் இருந்தால் இரண்டே நாள். வேளாங்கண்ணிக் கொடி ஆகஸ்ட் 29 அன்று ஏறும், நடந்து போகிறவர்கள் அதற்கு முன்பே கிளம்புவார்கள். அவர்கள் ஆடி மாதமே எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். பொங்கல் ஆட்டங்களுக்கு மார்கழி பிறந்ததும் வந்துவிடுங்கள். பெயர்ப் பட்டியலைத் தாளில் தெளிவாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சட்டை அளவையும் நம்பரையும் குறித்துக் கொண்டு வாருங்கள். போனில் சொன்னால் "செல்வம்" "செல்வன்" ஆகிவிடும்.